முறைப்புக்கும் அடிக்கும் இடையில்: இளவட்டங்களின் மோதலைத் தடுக்கும் வழிகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி என்று நம் வட்டாரத்தில் எங்கே இளவட்டங்கள் மோதிக்கொண்டாலும், காரணம் கேட்டால் ஒரு வரியில்தான் பதில் வருகிறது: முறைத்துப் பார்த்தான், பேருந்தில் பையை எடுக்கச் சொன்னான், என்னைக் குறிவைத்து ஸ்டேட்டஸ் போட்டான், திருவிழா பிளக்ஸில் என் படத்தை விட்டுவிட்டான். "இதுக்குப் போயா வெட்டிக்கிட்டாங்க?" என்று பெரியவர்கள் திகைத்துப்போகிறோம். அந்தத் திகைப்பிலேயே விஷயத்தைத் தவறவிட்டும் விடுகிறோம். பதினாறு வயதுப் பையனுக்கு அது அற்பக் காரணம் அன்று. நாலு பேர் பார்க்கத் தன் மரியாதை போய்விட்டது என்றும், அதே நாலு பேர் பார்க்க அதை மீட்டாக வேண்டும் என்றும் அவன் உறுதியாக நம்புகிறான்.

இந்த நம்பிக்கையைப் புரிந்துகொண்டால் தடுக்கும் வழியும் புலப்படும். முதல் உரசலுக்கும் முதல் அடிக்கும் நடுவே பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கின்றன. அந்த இடைவெளியில் பார்வையாளர்களைக் குறைப்பதும், இரு தரப்பும் மரியாதை கெடாமல் பின்வாங்க ஒரு பாதை அமைத்துக் கொடுப்பதுமே பெற்றோரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் செய்ய வேண்டிய முதல் வேலை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது

உலக சுகாதார நிறுவனம் இளையோர் வன்முறை என்பதை 10 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடையே நிகழ்வதாக வரையறுத்து, அதைக் காவல்துறைக்கு மட்டும் உரிய விஷயமாக விடாமல் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவும் கருதுகிறது. 2002-இல் அது வெளியிட்ட அறிக்கை, காரணங்களைத் தனிமனிதர், நெருங்கிய உறவுகள், வாழும் ஊர், பரந்த சமூகம் என்று நான்கு அடுக்குகளாகப் பார்க்கச் சொன்னது. நம் ஊரில் இந்த நான்கு அடுக்குகளையும் ஒரே தெருவில் காணலாம்.

தனிமனித அடுக்கில் வயதுக்கே ஒரு பங்கு உண்டு. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், காரோட்டும் கணினி விளையாட்டை வெவ்வேறு வயதினரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடியதைவிட, நண்பர்கள் அருகில் நின்று பார்த்தபோது வளரிளம் பருவத்தினர் மிக அதிகமான அபாயத்தைத் துணிந்து எடுத்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் ஏறத்தாழ இல்லை. தனியாகக் கண்டால் தலையைக் குனிந்து போகிற பையன் பேருந்து நிலையத்தில் கூட்டாளிகளுடன் நிற்கும்போது சட்டைக் கையை மடித்துவிடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

உறவு அடுக்கில், வீட்டில் அடி வாங்கி வளரும் பிள்ளையும், அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளையும் அடியையே ஒரு மொழியாகக் கற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். நம் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. தந்தை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்க, அம்மாவும் அப்பத்தாவும் வளர்க்கும் வீடுகள் ஏராளம். பதினைந்து வயதிலேயே "வீட்டுக்கு நீதான் ஆம்பளை" என்று சொல்லி ஒரு சிறுவன் தோளில் பாரத்தை ஏற்றிவிடுகிறோம். அந்த ஆண்மையை எப்படி நடத்திக் காட்டுவது என்று அவனுக்குச் சொல்லித்தர மட்டும் யாரும் அருகில் இல்லை. தெருமுனையில் பைக் நிறுத்தி நிற்பவர்கள் அதைச் சொல்லித்தருகிறார்கள்.

ஊர் அடுக்கைப் பேசத் தயங்கினால் இந்த வழிகாட்டியே பொய்யாகிவிடும். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, வடத்தை யார் தொடலாம், எந்தத் தெரு வழியாக யார் போகலாம் என்ற சண்டைகளைப் பிள்ளைகள் உருவாக்கவில்லை, நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமை குறித்த தகராறில் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்ற தேர், நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2024-இல்தான் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. அத்தனை ஆண்டுகளும் அந்தத் தேரைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள், எந்தப் பாடநூலும் சொல்லித்தராத ஒரு பாடத்தைப் படித்திருப்பார்கள். வறுமையோ ஒரு குறிப்பிட்ட தெருவோதான் வன்முறைக்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது; ஏழைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சண்டைக்கும் போகாதவர்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் அடையாளங்கள்

வழக்கமாகப் போகும் பாதையைத் திடீரென மாற்றுவது. வழக்கமான பேருந்தை விட்டு அடுத்த பேருந்தில் வருவது. ஒரு குறிப்பிட்ட தெருவுக்குக் கடைக்குப் போகச் சொன்னால் மறுப்பது. இரவில் நண்பன் வீட்டில் படுக்கிறேன் என்பது. காரணம் சொல்லாமல் பணம் கேட்பது. கூப்பிட வந்தவர்கள் வாசல்வரை வராமல் சந்துமுனையிலேயே நின்று ஹாரன் அடிப்பது. பையைப் பிறர் தொடவிடாதிருப்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால் அன்றைக்கே பேச வேண்டும்.

ஒரு வேறுபாட்டை இங்கே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சம பலமுள்ள இருவர் முட்டிக்கொள்வது வேறு. வலுவான ஒருவரோ ஒரு கும்பலோ ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப வதைப்பது வேறு. நார்வேயின் டான் ஓல்வேயஸ் 1980-களில் பள்ளிகளில் வதைத்தலைத் தடுக்கும் திட்டத்தை வகுத்தபோது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இரு தரப்பின் பலமும் சமமற்றிருப்பது என்ற இரண்டையும் அதன் அடையாளங்களாகக் கொண்டார். முதல் வகையில் சமரசம் பேசலாம். இரண்டாவது வகையில் இருவரையும் உட்காரவைத்து "ரெண்டு பேரும் கை குடுங்கடா" என்பது வதைபட்ட பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. அங்கே வதைப்பவனை நிறுத்துவதும் வதைபடுபவனைக் காப்பதும் மட்டுமே வேலை.

வீட்டில் எப்படிப் பேசுவது

மாலை ஐந்து மணிக்குப் பையன் சட்டைப் பை கிழிந்து வீட்டுக்குள் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எவன்டா அடிச்சான்? நீ என்ன பண்ணுன? வரட்டும், உங்கப்பாவுக்குப் போன் போடுறேன்" என்கிறார். திண்ணையில் இருக்கும் அப்பத்தா, "அடி வாங்கிட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா" என்கிறார். இருவருக்கும் அவன் மீது உயிர். ஆனாலும் ஒரு நிமிடத்தில் அவனுக்கு இரண்டு செய்திகள் போய்விட்டன: உண்மையைச் சொன்னால் தண்டனை, திருப்பி அடித்தால்தான் மரியாதை. இந்த ஒரு நிமிடத்தை மாற்ற முடிந்தால் பெரிய காரியம் நடந்துவிடும்.

முதலில் தண்ணீர் கொடுங்கள், காயம் பாருங்கள், சாப்பிட வையுங்கள். கேள்வி பிறகு. கேட்கும்போதும் "ஏன்" என்பதைத் தவிர்த்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கதையாகக் கேளுங்கள். "ஏன்" என்ற சொல்லுக்கு வாதமே பதிலாக வரும். "அப்புறம்" என்ற சொல்லுக்கு நிகழ்ச்சி வரும். அவன் சொல்லி முடித்த பிறகு, அவன் மரியாதைக்கு நேர்ந்த குறையை வாய்விட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்: "அத்தன பேரு முன்னாடி அவன் அப்படிச் சொன்னது தப்புத்தான்." அவன் செய்யப்போவதை இந்தச் சொல் ஒப்புக்கொள்ளவில்லை, அவன் பட்டதை ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கோபம் அங்கேயே ஒரு படி இறங்கும்.

அப்பா, அம்மாவிடம் வாய் திறக்காதவன் தாய்மாமனிடம் திறப்பான். மாமன் அவனை வீட்டில் உட்காரவைத்து விசாரிக்காமல், பைக்கில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரைக்கோ ஊருணிப் படிக்கோ போவது நல்லது. முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது பையன்களுக்குப் பேச்சு எளிதாக வருகிறது. அங்கே கேட்க வேண்டியவை சில: "மாப்ள, நாளைக்கு அவன நேரா பாத்தா என்ன செய்யலாம்னு இருக்க?" "உன்னய ஏத்தி விடுறது யாரு? அவன் உன்கூட ஸ்டேஷனுக்கு வருவானா?" "அடிக்காமலே உன் மரியாதை நிக்கணும்னா அவன் என்ன செய்யணும்?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் நாம் அஞ்சியதைவிட மிகச் சிறியதாக இருக்கும். ஸ்டேட்டஸை நீக்க வேண்டும், அம்மாவைப் பற்றிச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வேண்டும், இனி அந்தப் பெயரிட்டுக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான். அது கையில் கிடைத்துவிட்டால் சமரசத்தின் பாதி முடிந்தது.

கைபேசி

பழைய காலத்தில் சண்டையைப் பத்துப் பேர் பார்த்தார்கள். இப்போது நானூறு பேர் பார்க்கிறார்கள், திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். மோதல் வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் ஆதாரமாக ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, யாருக்கும் அனுப்பாதீர்கள். குழு நிர்வாகியிடம் நீக்கச் சொல்லுங்கள். சாதிப் பெருமைப் பாட்டுடன் அரிவாள் காட்டும் ரீல்ஸை உங்கள் வீட்டுப் பிள்ளை போட்டிருந்தால், பெருமையாக விருப்பக்குறி இடும் சித்தப்பாமார்களையும் சேர்த்துக் கண்டியுங்கள்.

நடுவில் நிற்பவர் செய்ய வேண்டியது

சிகாகோ நகரில் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி உலகெங்கும் பேசப்படுகிறது. வன்முறை தொற்றுநோயைப் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறது என்று அவர் கண்டார். ஆகவே அந்தந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து, இளைஞர்கள் மதிக்கும் ஆட்களைப் பயிற்றுவித்து, பழிவாங்கல் நடப்பதற்கு முன்பே நடுவில் போய்ப் பேசவைத்தார். நமக்கு இது புதிதில்லை. 1982-இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது அங்கே நேரில் சென்று அமைதிக்குப் பாடுபட்ட குன்றக்குடி மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார் நம் மண்ணில் வாழ்ந்தவர். அவரளவு பெரியவர்தான் வேண்டும் என்பதில்லை. கபடிக் குழுவின் மூத்த வீரரோ, உடற்பயிற்சி ஆசிரியரோ, இரண்டு தெருவுக்கும் பொதுவான டீக்கடைக்காரரோ போதும். இரு தரப்பும் அவர் சொல்லுக்குக் காது கொடுக்க வேண்டும், அவருக்கு அந்தச் சண்டையில் எந்த ஆதாயமும் இருக்கக் கூடாது. இவை இரண்டே தகுதி.

அவர் முதலில் இருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும், அதுவும் கூட்டாளிகள் இல்லாமல். ஒவ்வொருவரிடமும் "என்ன கிடைத்தால் விடுவாய்" என்று கேட்டு, இரண்டு பதில்களும் அருகே வந்த பிறகுதான் நேருக்கு நேர் சந்திக்க வைக்க வேண்டும். இடம் யார் தெருவிலும் இருக்கக் கூடாது. அம்பலத்திலோ சாவடியிலோ ஊரைக் கூட்டுவதும் வேண்டாம், ஏனெனில் கூட்டம் கூடினால் பழைய பார்வையாளர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். காலில் விழச் சொல்வது, ஊர் முன் மன்னிப்புக் கேட்கவைப்பது போன்றவற்றை அறவே தவிருங்கள். அது அடுத்த சண்டைக்குத் தேதி குறிப்பதாகும். பேசி முடித்த விவரத்தை இருவரும் தங்கள் வாயாலேயே தங்கள் கூட்டாளிகளிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவதால்தான் பல சமரசங்கள் இரண்டாம் நாளே கலைந்துபோகின்றன.

எல்லாவற்றையும் ஊருக்குள் பேசி முடிக்கக் கூடாது என்பதையும் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் அளிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு 1989-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பலத்த காயமோ ஆயுதமோ சம்பந்தப்பட்டிருந்தாலும் பஞ்சாயத்துக்கு இடமில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தை "ஊர் பேரு கெட்டுப்போகும்" என்று அழுத்தி வழக்கைத் திரும்பப் பெறவைப்பதைச் சமாதானம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

பள்ளியும் கல்லூரியும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே சக மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது. வகுப்பில் யார் யாருடன் உட்கார்கிறார்கள், மதியம் யார் யாருடன் சாப்பிடுகிறார்கள், குடிநீர்க் குழாயடியில் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதை ஆசிரியர் கண் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அந்த அவிழ்ப்புக்குப் பொருள் உண்டு. மோதல்கள் பெரும்பாலும் பாடவேளையில் நடப்பதில்லை. மணி அடித்த பிறகு பள்ளி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஓர் ஆசிரியர் தினமும் நின்றாலே பாதி உரசல் அடங்கும்.

பிரம்பை எடுக்காதீர்கள்; கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. சண்டையிட்டவனுக்கு உடனே டி.சி. கொடுத்து அனுப்புவதையும் நான் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்ட பையனை அடுத்த நாளே ஏற்றுக்கொள்ள வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். சிகாகோ பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் திட்டமொன்றில் இது உண்டு. மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, அடுத்தவனிடம் "முப்பது வினாடிக்குள் அந்தப் பந்து உன் கைக்கு வர வேண்டும்" என்று சொல்லுங்கள். வேறெதுவும் சொல்லாதீர்கள். விரலைப் பிரிப்பார்கள், கையை முறுக்குவார்கள், தரையில் உருளுவார்கள். நேரம் முடிந்ததும் "யாராவது 'பந்தைக் கொடு' என்று கேட்டீர்களா?" என்று கேளுங்கள். பிறகு பந்து வைத்திருந்தவனிடம், "கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். "குடுத்திருப்பேன் சார், பந்துதானே" என்ற பதில் பலரிடமிருந்து வரும். அந்த இடத்தில் உபதேசம் வேண்டாம். கடைசியாகத் தாங்கள் போட்ட சண்டையில் கேட்டே பார்க்காமல் விட்டது எது என்று எழுதச் சொல்லுங்கள். இத்தகைய பயிற்சிகளை ஓராண்டு தொடர்ந்து நடத்திய அத்திட்டத்தில், அது நடந்த காலத்தில் பங்கேற்றவர்களிடையே வன்குற்றக் கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு நாள் முகாமால் அந்தப் பலன் கிடைக்காது.

திருவிழாக் காலம்

தையில் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் மாரியம்மன் திருவிழாக்கள், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி என்று கூட்டம் கூடும் மாதங்களில் உரசலும் கூடும். விழாக் குழுவினர் மூன்று மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், 11, 12 வயதுள்ள 22 சிறுவர்களை ஒரு கோடை முகாமில் இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே கொடியை எரிப்பது, அறையைச் சூறையாடுவது என்று பகை முற்றியது. இரு அணியையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தும் படம் பார்க்க வைத்தும் பகை தணியவில்லை. சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோது, முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றைக் கட்டி இரு அணியும் சேர்ந்து இழுத்தார்கள். இப்படிச் சேர்ந்து செய்தாலன்றி முடியாத வேலைகள் தொடரத் தொடரத்தான் பகை கரைந்தது. அந்த ஆய்வில் ஆய்வாளர்களே சூழ்நிலையைத் தூண்டிவிட்டார்கள் என்ற கண்டனம் நியாயமானது. ஆயினும் நம் விழாக் குழுக்களுக்கு அதில் பயன் இருக்கிறது.

எனவே "நல்லிணக்கக் கூட்டம்" போட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பாமல், இரண்டு தெரு இளைஞர்களையும் கலந்து பொறுப்புக் குழுக்களை அமையுங்கள். நீர்மோர்ப் பந்தலுக்கு இரு தெருவிலிருந்தும் ஆட்கள், அன்னதானத்துக்குக் கறிகாய் நறுக்குவதற்கு இரு தெருவிலிருந்தும் ஆட்கள், பால்குட ஊர்வலத்தில் போக்குவரத்தை ஒழுங்கு செய்ய இருவர் இருவராக என்று பிரியுங்கள். வடம் பிடிப்பதில் பாகுபாடு காட்டிவிட்டுப் பந்தலில் மட்டும் கலந்து நிற்கச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பிளக்ஸில் தனிநபர் படமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஒரு பெரிய சச்சரவு முளையிலேயே போகும். ஆடல் பாடல் நிகழ்ச்சி முடியும் நேரத்தை முன்பே அறிவித்து அதில் உறுதியாக நில்லுங்கள். தமிழகத்தில் 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். வாங்கிக் கொடுக்கும் பெரியவர் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருக்காது.

ஆபத்து நெருங்கிவிட்டால்

ஆயுதம் இருப்பது தெரிந்தால் பிடுங்க முயலாதீர்கள், 112-ஐ அழையுங்கள். குறிவைக்கப்பட்ட பிள்ளையைச் சில நாட்கள் வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள், அனுப்பிய இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். காயம் பட்டவரை அரசு மருத்துவமனையில் சேர்த்து விபத்துப் பதிவேட்டில் பதியவையுங்கள். பழிவாங்கும் திட்டம் பல நேரம் அந்த மருத்துவமனை வாசலிலேயே உருவாகிறது. காயம் பட்டவனின் நண்பர்கள் அங்கே கூடுவார்கள்; ஊரில் மதிப்புள்ள ஒருவர் அவர்களுடன் இரவு முழுக்க இருந்து, ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டு வர வேண்டும்.

பிள்ளைகளே அழைக்கக்கூடிய எண்களைக் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கு 14416.

வழக்குக்குப் பிறகு

18 வயது நிறையாதவரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 16 வயது நிறைந்தவர் குறைந்தபட்சம் ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால், குழுமத்தின் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு பெரியவரைப் போல விசாரிக்கப்படவும் 2015-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. "மைனர்தானே, ஒண்ணும் ஆகாது" என்று தூண்டிவிடுபவர்களை நம்பும் பிள்ளைகளுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிக்கிய பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியின் பெயரையோ வெளியிடுவதும் அதே சட்டப்படி குற்றம்.

வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பும் பையனை ஊர் இரண்டு விதமாகக் கெடுக்கிறது: சிலர் ஒதுக்குவார்கள், சிலர் மாலை போட்டுக் கொண்டாடுவார்கள். இரண்டையும் தடுத்து, வந்த முதல் வாரத்திலேயே அவனைப் படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்த்துவிட வேண்டும். 18 வயது நிறைந்தவனாக இருந்தால் ஆத்தங்குடிக் கல் பட்டறையிலோ சமையல் காண்ட்ராக்டரிடமோ வேலைக்குச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்துவிடும் பெரியவர் முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை போய் அவனையும் முதலாளியையும் பார்த்துவர வேண்டும். அடிபட்ட பையனின் வீட்டுக்கு, அந்த வீட்டார் சம்மதித்தால் மட்டும், இவன் வீட்டுப் பெரியவர் கூட்டமின்றிப் போய்வரட்டும். வழக்கைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல், மருத்துவச் செலவுக்கும் படிப்புக்கும் என்ன தேவை என்று மட்டும் கேட்டு, சொன்னதைச் சொன்ன தேதியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.